எல்லா அம்மாவுக்கும் ஒரே ஜுரம்

சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போகிற சந்தில் என் கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் அப்ளிகேஷன், பயோடேட்டா. தெலுங்கில் ஒரு போர்டு, இங்கிலீஷில் ஒரு போர்டு. தமிழுக்குச் சுவரில் இடம் போதவில்லை, அதை வாயில் வைத்திருக்கிறேன்.

நர்சிங் ரிசல்ட் வந்த வாரத்திலிருந்து சந்துக்கு ஒரு களை வரும். நாலு வருஷம் படித்து முடித்த பெண்கள் மூன்று மூன்று பேராக வருவார்கள். கையில் பிளாஸ்டிக் ஃபைல், முகத்தில் பாஸ்போர்ட் போட்டோவில் இருக்கிற அதே சிரிப்பு. மூன்று மாதம் கழித்து இன்னும் நாலு பிரதி எடுக்க வருவார்கள். ஃபைல் அதே ஃபைல்தான். சிரிப்பு மட்டும் போட்டோவோடு நின்றுவிட்டிருக்கும்.

"இன்னாம்மா சொன்னாங்க?"

"எக்ஸ்பீரியன்ஸ் கேட்டாங்கண்ணா."

"அது எங்க கெடைக்கும்?"

"வேலைக்குப் போனா கெடைக்குமாம்."

இதற்கு மேல் நான் கேட்கமாட்டேன். கேட்டால் பேச்சு சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும், நகரி டவுன் பஸ் மாதிரி.

சிலர் குரலைத் தாழ்த்தி, ஒரு வருஷம் வேலை செய்ததாக லெட்டர் அடித்துத் தரமுடியுமா என்று கேட்பார்கள். லெட்டர்பேட்கூட அவர்களே கொண்டுவருவார்களாம். மாட்டேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொல்வேன். பொய்ச் சான்று இந்தக் கடையில் கிடையாது. அப்படிச் சொல்லும்போது எனக்கே என்னைப் பார்க்க நன்றாக இருக்கும். இந்த நிமிர்வை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

என் மகளும் போன வருஷம்தான் நர்சிங் முடித்தாள். ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் வந்தது, வேலை வரவில்லை. சித்தூரில் ஆறு ஆஸ்பத்திரி ஏறி இறங்கினாள். ஒரு இடத்தில் ஆறு மாதம் சம்பளம் இல்லாமல் வா என்றார்கள். ஒரு இடத்தில் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போ என்றார்கள். மற்ற இடங்களில் ஃபோன் பண்ணுகிறோம் என்றார்கள். அந்த ஃபோனைப் பார்த்துக்கொண்டே அவள் ஒரு மழைக்காலத்தைக் கடந்தாள், ஒரு குளிர்காலத்தைப் பாதி கடந்தாள்.

ஆஸ்பத்திரிகளுக்குத்தான் அவள் தேவைப்படவில்லை. தெருவுக்கு அவள் பெரிய நர்சம்மா. காலையில் பல் விளக்கும் முன்னாலேயே யாராவது கையை நீட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பார்கள். "நர்சம்மா, இந்த மாத்திரை துன்னுட்டு துன்னணுமா, துன்றதுக்கு முன்னாடி துன்னணுமா?" எதிர்வீட்டில் ஒரு ரிட்டயர்டு கண்டக்டர். இரண்டு நாளைக்கு ஒருமுறை பிரஷர் பார்த்துக்கொண்டு போகிறவர். ஒருநாள் பட்டையைக் கையிலிருந்து கழற்றிக்கொண்டே சொன்னார்: "வேலைக்கு ஒண்ணும் அவசரப்படாதம்மா. நீ போய்ட்டா என் பீப்பிய யாரு பாக்கறது?"

"அதுக்குத்தான் தாத்தா ஆஸ்பத்திரிக்காரங்க என்ன எடுக்கல. உங்க மேல அவ்ளோ அக்கறை" என்றாள் மகள்.

சொந்தக்காரர்கள் ஜெர்மனி என்றார்கள். அங்கே நர்சுக்கு ஆளே இல்லையாம், மொழியை மட்டும் படித்தால் போதுமாம். சித்தூரில் நோயாளிகளும் இருக்கிறார்கள், நர்சுகளும் இருக்கிறார்கள். இரண்டு பேரையும் சந்திக்க வைக்க ஜெர்மன் இலக்கணம் வேண்டியிருக்கிறது.

இங்கேதான் என் கைங்கரியம் வருகிறது.

பயோடேட்டாவின் மேல்பக்கத்தில், பெயருக்குக் கீழே, வாழ்க்கை லட்சியம் என்று ஒரு பத்தி உண்டு. நாடெங்கும் ஒரே பத்தி, நாடெங்கும் ஒரே உயிரில்லாத இங்கிலீஷ். நானோ யாரும் கேட்காமலே கவிதை வரிகளை உருட்டிக்கொண்டிருக்கிறவன். என் மகளின் தாளில் அந்தப் பிணத்தைப் போட மனசு வரவில்லை. ஒரு மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாதபோது ஆறு வரி எழுதினேன். இங்கிலீஷ்தான். ஆனால் தமிழில் அழுது இங்கிலீஷில் முகம் துடைத்த மாதிரி இருந்தது.

"எனக்குப் பத்து வயது. மழைக்காலம். அரசு மருத்துவமனைப் பெண்கள் வார்டில் என் அம்மா ஜுரத்தில் கிடந்தாள். நான் கட்டிலருகே உட்கார்ந்து, குழாயில் விழும் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு நர்ஸ் வந்து என் தலையில் கை வைத்தார். அந்தக் கைதான் என்னை இங்கே அழைத்துவந்தது."

நடந்த கதைதான். என் மனைவிக்கு டெங்கு வந்து எட்டு நாள் கிடந்த மழைக்காலம் அது. கையில் பன்னும் பாலுமாக நான் வார்டுக்குள் நுழைந்தபோது மகள் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து சொட்டை வெறித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால், "பேசாத நைனா, எண்ணிக்கினு கீறேன்" என்றாள். தாயின் உயிரைச் சொட்டுச் சொட்டாக எண்ணுகிற பிள்ளை. அந்தக் காட்சியைப் பன்னிரண்டு வருஷமாக நெஞ்சுக்குள் வைத்திருந்தேன். நர்ஸ் தலையில் கை வைத்ததை மட்டும் நான் பார்க்கவில்லை. வைத்திருப்பாள் என்று தோன்றியது, சேர்த்துக்கொண்டேன்.

மகள் அதை இரண்டு தடவை படித்தாள்.

"இது வேணாம் நைனா."

"ஏம்மா, நடந்ததுதானே?"

"நடந்ததுதான். அதான் வேணாம்."

கூச்சம் என்று நினைத்துக்கொண்டு பிரிண்ட் கொடுத்தேன்.

அவளுடைய ஹாஸ்டல் தோழி ஒருத்தி, கங்காதர நெல்லூர்ப் பெண், அதைப் பார்த்துவிட்டுக் கடைக்கு வந்தாள். "அங்கிள், அவளுக்குப் போட்ட மாதிரியே எனக்கும் போடுங்க."

"உங்கம்மாக்கு ஜுரம் வந்துச்சாம்மா?"

"எங்கம்மாக்கு தலவலிகூட வந்ததில்ல அங்கிள். இருந்தா இன்னா, ஜுரம்தான, யாருக்கு வேணா வரலாம்."

என் வரியை ஒருத்தர் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. எத்தனையோ எழுதியிருக்கிறேன், யாரும் இரண்டாவது பிரதி கேட்டதில்லை. பெயரை மாற்றினேன், பிறந்த தேதியை மாற்றினேன், பத்தியை விட்டுவிட்டேன். அடுத்த வாரம் இரண்டு பேர். அப்புறம் சத்தியவேட்டிலிருந்து ஒருத்தி, ஏர்பேட்டிலிருந்து அக்கா தங்கை இரண்டு பேர். அந்த இரண்டு பேருக்கும் ஒரே அம்மா என்பதால் அங்கே மட்டும் கணக்கு ஓரளவு சரியாக இருந்தது. ஒருத்திக்கு அம்மா இல்லை. அத்தையைப் படுக்க வைத்தேன். பொய்ச் சான்று அடிக்காத என் கடையில் இப்படி ஒவ்வொரு அம்மாவாக ஜுரத்தில் விழுந்துகொண்டிருந்தார்கள்.

பொங்கலுக்குப் பிறகு திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி நர்சுகளை நேரில் வரச் சொல்லியிருந்தது. அனுபவம் இல்லாதவர்களும் வரலாம் என்ற ஒரு வரி எங்கள் வீட்டில் தீபாவளி மாதிரி வெடித்தது. மகள் மட்டும் நிதானமாகச் சொன்னாள்: "இதுவும் இல்லன்னா ஜெர்மன் கிளாஸ்ல சேந்துடறேன் நைனா. கையி மறந்துக்கினு வருது." அவள் சொன்னது ஊசி போடுகிற கையை. அதற்குப் பிறகு அந்த வேலை கிடைக்கவேண்டுமே என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

காலை பஸ்ஸில் போனோம். பூதலப்பட்டு தாண்டியதும் எதிரில் வருகிற பஸ் ஜன்னலெல்லாம் மொட்டைத் தலைகள், சந்தனம் பூசியவை, காரியம் முடிந்தவை. பக்கத்து சீட் அம்மா, "மலைக்கா?" என்று கேட்டார்.

"இல்லம்மா, இன்டர்வ்யூ."

"அதுக்கும் மலைக்கே போயிருக்கலாமே" என்றார். நியாயம்தான். வரிசை இரண்டு இடத்திலும் உண்டு, மலையில் லட்டாவது நிச்சயம்.

ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி ஹாலில் நாற்பது ஐம்பது பெண்கள். எல்லார் மடியிலும் ஃபைல். நான் சுற்றிப் பார்த்தேன். பாதி ஃபைல்களில் மேல் ஓரத்தில் ஒரு நீலக்கோடு, கோட்டின் முனையில் சின்னதாக ஒரு விளக்குப் படம். என் கடையில் அடிக்கிற பயோடேட்டாவின் விளக்கு. அங்கங்கே கைகள் அசைந்தன. "அண்ணா! நீங்களும் வந்துக்கீறீங்களா!" "அங்கிள், நம்ம பயோடேட்டாதான் இங்க டாப்பு!"

ஒரு நிமிஷம், வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

முதலில் உள்ளே போய்வந்தவள் கங்காதர நெல்லூர்ப் பெண்தான். "இன்னா கேட்டாங்க?" என்று எல்லாரும் மொய்த்தார்கள்.

"எங்கம்மாக்கு இப்ப எப்பிடி கீதுன்னு கேட்டாங்க. நல்லா கீறாங்க மேடம்னேன்."

அடுத்தவளிடம் எந்த வார்டு என்று கேட்டார்களாம். அதற்கடுத்தவள், ஏர்பேட்டு அக்கா, வெளியே வந்து குழப்பமாகச் சொன்னாள்: "மேட்ரன் மேடம் ஒரு டாக்டரக் கூப்ட்டு எங்க பயோடேட்டாவ சத்தமா படிச்சிக் காட்டினாங்க. ரெண்டு பேரும் ஒரே சிரிப்பு. ரொம்பப் புடிச்சிருக்கும்போல."

மகளின் ஃபைலுக்குக் கை நீட்டினேன்.

"அம்மா, கீழ ஒரு ஜெராக்ஸ் கடை பார்த்தேன். அந்தப் பத்திய எடுத்துட்டு வேற அடிச்சிட்டு வந்துடறேன், அஞ்சு நிமிஷம்" என்றேன்.

மகள் ஹாலைப் பார்த்தாள். நீலக்கோடுகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எத்தினி பேருக்குப் போட்ட நைனா?"

"கொஞ்சம் பேருக்கு."

"எத்தினி?"

"எண்ணல."

அதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள். அத்தனை பொய்யான ஜுரங்களுக்கு நடுவில் ஒரே ஒரு நிஜ ஜுரம் அந்தக் கதவுக்குள் போனது. அதைத்தான் அவர்கள் நம்பப்போவதில்லை.

மற்றவர்கள் ஐந்து நிமிஷத்தில் வந்தார்கள். அவள் இருபது நிமிஷம் வரவில்லை. வந்தபோது முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. நேரே படி இறங்கினாள், நானும் இறங்கினேன். எதிரே இருந்த டீக்கடையில் இரண்டு டீ சொன்னேன்.

"எல்லார் பயோடேட்டாவும் மேசை மேல வரிசையா பரப்பி வெச்சிருந்தாங்க நைனா, சீட்டாட்டம் மாதிரி. என்னுத கடைசில வெச்சாங்க. 'ஏமா, அந்தரிக்கி ஒக்கே அம்மா?'ன்னாங்க."

எல்லாருக்கும் ஒரே அம்மாவா. கேள்வி தெலுங்கில் இன்னும் பாசமாகத்தான் இருந்தது.

"நீ இன்னா சொன்ன?"

"அம்மா என்னுதுதான் மேடம், மத்தவங்களுக்கு எங்க நைனா இரவல் குடுத்துட்டார்னேன். டாக்டர் விழுந்து விழுந்து சிரிச்சாரு. மேடம் சிரிக்கல. 'இதுக்கு முன்னாடி வந்தவளும் நெஜம்னுதான் சொன்னா. பேப்பர்ல இல்லாதது ஏதாவது இருந்தா சொல்லு'ன்னாங்க." டீயை ஊதினாள். "சொல்லிட்டேன்."

"இன்னாத்த?"

"அன்னிக்கி நீ பன்னு வாங்கப் போனியே, அதுக்கு முன்னாடி நான் இன்னா கேட்டேன், ஞாபகம் கீதா?"

இல்லை.

"அம்மா எப்ப வூட்டுக்கு வரும்னு கேட்டேன். நீ பாட்டிலக் காட்டி, 'அது காலியாச்சின்னா போய்டலாம்'னு சொல்லிட்டுப் போய்ட்ட. டியூப்ல ஒரு சின்ன சக்கரம் இருக்கும் பாரு, ரோலரு. நர்ஸ் அதத் தள்ளி வேகத்தக் கூட்றத முன்னாடியே பாத்துக்கீறேன். நீ அப்பிடிப் போன ஒடனே ஃபுல்லா தெறந்து வுட்டுட்டேன். சீக்கிரமா காலி ஆகட்டும்னு."

டீ கிளாஸை பெஞ்சில் வைத்தேன்.

"அம்மாக்கு ஒடம்பு தூக்கித் தூக்கிப் போட ஆரம்பிச்சிது. நர்ஸ் ஓடியாந்து மூடினாங்க. தலைல கையெல்லாம் வெக்கல நைனா. காதப் புடிச்சித் திருகினாங்க, இன்னைக்கும் வலிக்குது. ஸ்டூல்ல ஒக்கார வெச்சி, 'நிமிஷத்துக்கு எத்தினி சொட்டுன்னு எண்ணு, நான் வர்ற வரைக்கும் எண்ணிக்கினே இருக்கணும், எந்திரிச்சா தோலை உரிச்சிடுவேன்'னாங்க. நீ பன்னோட வந்தியே, அப்பதான் ஒன்னுலருந்து ஆரம்பிச்சிருந்தேன்."

தாயின் உயிரைச் சொட்டுச் சொட்டாக எண்ணிய பிள்ளை. பன்னிரண்டு வருஷம் நான் நெஞ்சில் வைத்திருந்தது ஒரு தண்டனையை.

"அந்த நர்ஸ் யாராண்டயும் சொல்லல. போகும்போது எண்ணினது சரியான்னு வாட்ச் வெச்சிப் பாத்துட்டு, 'ஒழுங்கா எண்றியே'ன்னாங்க. அதுக்குத்தான் நர்சிங் எடுத்தேன். அத எப்பிடி பயோடேட்டால போடுவ?"

"இத்தினி வருஷமா ஏன் சொல்லல?"

"அம்மா கொன்னுடும்."

"இப்ப மட்டும்?"

"இப்ப வேலை வேணுமே."

நாலாம் நாள் வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்தது. ஏழு பேர். வார்டுக்கு ஆறு பேர், அதில் நாலு பேர் என் விளக்குக்காரிகள், கங்காதர நெல்லூர்ப் பெண் உட்பட. என் மகள் ஏழாவது. பெயருக்கு நேரே 'டாகுமென்டேஷன்' என்று போட்டிருந்தது. ஃபோனில் மேடம் விளக்கம் சொன்னாராம்: ரோலரைத் திறந்துவிட்ட கையை உடனே வார்டில் விட யோசனையாக இருக்கிறது, டைப்பிங் தெரியும் என்று போட்டிருக்கிறாயே, கொஞ்ச நாள் அங்கே இரு. டைப்பிங் தெரியும் என்ற வரியும் நான் சேர்த்ததுதான், பெருமைக்கு. ஆக, கதை விட்டவர்களுக்கு வார்டு, உள்ளதைச் சொன்னவளுக்குக் கம்ப்யூட்டர். நேர்மைக்கு ஏதாவது ஒரு நாற்காலி கிடைக்கத்தான் செய்கிறது.

இனி மறைக்க முடியாது என்று மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னோம். மகளை அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னிடம் திரும்பினாள். "என் ஜுரத்த ஊருக்கே பங்கு போட்டுக் குடுத்தியா? இத்தினி பொண்ணுங்களுக்கு நான் அம்மா, ஒருத்தியாவது பொங்கலுக்கு வந்து எட்டிப் பாத்தாளா?" அப்புறம், "பாட்டில் காலியானா போலாம்னு கொழந்தையாண்ட சொல்லுவாங்களா யாராவது?" என்றாள். 

மகள் திருப்பதியில் ஹாஸ்டல் பார்த்துக்கொண்டு போனாள். வேலை என்னவென்றால், வீட்டுக்கு அனுப்பப்படுகிற நோயாளிகளுக்குச் சிகிச்சை விவரம் அடித்துக் கொடுப்பது. முதல் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தவள் சொன்னாள்: "பழைய ஆளோட ஃபைலத் தெறந்து, பேரு மாத்து, வயசு மாத்து, சேவ் பண்ணு. உன் கடையத்தான் நைனா அங்க ஏசி போட்டு வெச்சிக்கீறாங்க."

ஏழாவது வாரம், எழுபது வயசுப் பெரியவர் ஒருத்தர், குடலிறக்க ஆபரேஷன். அவருடைய தாளை அடிக்கும்போது வயிற்று ஸ்கேன் பகுதியில் 'கர்ப்பப்பை இயல்பான அளவில் உள்ளது' என்று இருந்ததை மகள் பார்த்தாள். முன்னால் எத்தனையோ ஆண்கள் அதே கர்ப்பப்பையோடு சுகமாக வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அவள் பழைய ஃபைல்களைத் திறந்து எண்ணினாள். ஒன்பது பேர். ஒன்பது தாளையும் எடுத்துக்கொண்டு மேட்ரன் மேடத்திடம் போய் வரிசையாகப் பரப்பினாள், சீட்டாட்டம் மாதிரி.

"எல்லாத்தையும் படிச்சியா?" என்று கேட்டாராம் மேடம்.

"படிக்காம எப்பிடி மேடம் அடிக்கறது?"

"உங்கப்பா அடிச்சாரே."

திங்கட்கிழமையிலிருந்து பெண்கள் வார்டு என்று சொல்லிவிட்டார்கள்.

இதற்கிடையில் சந்தில் வேறு செய்தி பரவியிருந்தது. ஒரு புதுப்பெண் ஃபைலோடு வந்தாள். "அண்ணா, அந்த அம்மா ஜுரம் பயோடேட்டா போடுவீங்களாமே. அது போட்டா திருப்பதில வேலை கெடைக்குதாம்."

"அது இப்ப இல்லம்மா. அழிச்சிட்டேன். உனக்கு இன்னா நடந்துச்சின்னு சொல்லு, அத எழுதலாம்."

அவள் உண்மையிலேயே யோசித்தாள். "எனக்கு ஒண்ணும் நடக்கலண்ணா. டாக்டர் சீட்டு கெடைக்கல, இது கெடைச்சிது."

"அதையே எழுதவா?"

என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனாள். அங்கே அந்தப் பத்தி இருக்கிறது. என்னிடம் வாங்கிய யாரோ ஒருத்தி அங்கே பிரதி எடுத்திருக்கிறாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கீபோர்டில் பெயர் மட்டும் மாறிக்கொண்டிருந்தது. இன்னொரு அம்மா படுத்தாள்.

திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் மகள் ஃபோன் பண்ணினாள். முதல் ஊசி நழுவிப்போனதாம், இரண்டாவதில் நரம்பு கிடைத்ததாம். ஊசி போட்டுக்கொண்ட அம்மா "பரவால்லேமா" என்றாராம்.

"அவங்க வூட்டுக்காரர் பாட்டிலக் காட்டி, 'இது காலியானா போய்டலாமா'ன்னு கேட்டாரு நைனா."

"நீ இன்னா சொன்ன?"

"டாக்டர் சொன்னாதான் போலாம், அது வரைக்கும் ஒக்காந்து சொட்டு எண்ணுங்கன்னேன்."

"எண்ணினாரா?"

"எண்ணிக்கினு கீறாரு" என்றாள். "வைக்கிறேன் நைனா, கூப்பிட்றாங்க."